பிரிஅம்ப் வாங்கப் போகிறீர்களா? சற்றுப் பொறுங்கள்

கடந்த மாதம் ஒரு மாலைப் பொழுதில் வெள்ளவத்தையிலிருந்து நண்பரொருவர் தொலைபேசியில் அழைத்தார். வடமராட்சிப் பாடசாலையொன்றின் அதிபராக இருந்து ஓய்வுபெற்றவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஊரில் எல்லோரையும் போலவே நானும் அவரை மாஸ்ரர் என்றே அழைப்பது வழக்கம்.

இலண்டனில் இருக்கும் மகன் சிறியதொரு வீட்டுக்குக் குடிபெயர நேர்ந்தபோது, தான் ஆசையாக வைத்திருந்த பவர் அம்ப் ஒன்றையும் இரண்டு ஒலிபெருக்கிகளையும் கப்பலில் தந்தைக்கு அனுப்பி வைத்திருக்கிறார். மாஸ்ரரிடம் பழைய இசைத்தட்டுச் சுழற்றி ஒன்றும் இறுவட்டுக் கருவி ஒன்றும் ஏற்கனவே உண்டு. இவற்றை இணைப்பதற்கு வழி கேட்டு அவர் கடையொன்றுக்குச் சென்றபோது, 'பிரிஅம்ப் இல்லாமல் ஒன்றும் நடக்காது' என்று கூறி, மூன்றரை இலட்சம் ரூபா பெறுமதியான கருவியொன்றைக் காட்டியிருக்கிறார்கள்.

"தம்பி, நீர் உதுகளைப் பற்றி வாசிக்கிறனீர். வாங்கட்டோ, விடட்டோ?" என்று கேட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை மட்டும் பொறுங்கோ மாஸ்ரர். நான் வந்து பார்த்திட்டுச் சொல்லுறன்" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னரும் பின்னரும் நான் எண்ணிப் பார்த்தவற்றை இங்கு எழுதுகிறேன். நான் பொறியியலாளன் அல்லன். நான்கு தசாப்தங்கள் செய்தித்தாள்களில் கழித்தவன்; இசை கேட்பவன். ஆனால், ஓய்வூதியத்தில் வாழும் ஒருவர் மூன்றரை இலட்சம் ரூபாவை எடுத்து வைப்பதற்கு முன்னர் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்பதற்கு ஒரு பத்திரிகையாளனின் பழக்கம் போதுமானது என்றே கருதுகிறேன்.

இந்தக் கருவி எதற்காக?

எமது பாடசாலைப் பௌதிகவியல் நூல்கள் அம்ப்ளிஃபயரை 'விரியலாக்கி' என்று அழைக்கின்றன. கடைத்தெருவில் அந்தச் சொல்லைச் சொன்னால் யாருக்கும் விளங்காது. ஆகவே நானும் கடைத்தெருவின் சொல்லையே பயன்படுத்துகிறேன். ஒலிபெருக்கியை இயக்குவதற்கான பலத்தைத் தருவது பவர் அம்ப். அதற்கு முன்னால் நின்று, எந்தக் கருவியிலிருந்து வரும் ஒலியைக் கேட்பது என்று தெரிவதும், எவ்வளவு சத்தமாகக் கேட்பது என்று தீர்மானிப்பதும், வந்த சமிக்ஞை மெலிவாக இருந்தால் அதைத் தேவையான அளவுக்கு உயர்த்திக் கொடுப்பதும் பிரிஅம்ப்பின் வேலை.

பத்திரிகைக் காரியாலயத்தில் இதே வேலையைச் செய்பவர் துணை ஆசிரியர். வந்து குவியும் செய்திகளில் ஒன்றைத் தெரிந்து, இடத்துக்கு ஏற்பக் குறைத்து, அச்சுக்கு அனுப்புவார். நல்ல துணை ஆசிரியர் தமது சொந்தச் சரக்கைச் செய்தியில் சேர்ப்பதில்லை. அவர் கைபட்டதே வாசகனுக்குத் தெரியக்கூடாது. பிரிஅம்ப்பையும் இந்த அளவுகோலினாலேயே மதிப்பிட வேண்டும். 'இந்தக் கருவி பாட்டுக்கு இனிமை சேர்க்கிறது' என்று விற்பனையாளர் சொன்னால், அது பாராட்டா குற்றச்சாட்டா என்று சிந்திப்பது நல்லது.

இந்தக் கருவிக்கு இவ்வளவு பெருமை எவ்வாறு வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1950களிலும் 1960களிலும் வீட்டு இசைக் கருவிகளிலிருந்து கிடைத்த சமிக்ஞைகள் மிகவும் மெலிந்தவை. காந்தக் காட்ரிட்ஜ் ஒன்றிலிருந்து வருவது ஒரு வோல்ற்றின் ஆயிரத்தில் நான்கு ஐந்து பங்குதான். அதைப் பழுதுபடாமல் உயர்த்துவது அன்று உண்மையாகவே கடினமான காரியம். 1967இல் இங்கிலாந்தின் குவாட் நிறுவனம் வெளியிட்ட '33' என்ற பிரிஅம்ப் இன்றும் பேசப்படுவதற்கு அக்காலத்தின் அந்தத் தேவையும் ஒரு காரணம்.

ஆனால், 1982 ஒக்ரோபரில் ஜப்பானில் இறுவட்டு விற்பனைக்கு வந்ததுடன் நிலைமை மாறிவிட்டது. இறுவட்டுக் கருவி உச்ச ஒலியில் ஏறத்தாழ 2 வோல்ற் தருகிறது. பெரும்பாலான பவர் அம்ப்களை முழு வலுவுக்குக் கொண்டுசெல்ல ஒரு வோல்ற்றோ அதைவிடச் சற்றுக் கூடவோ போதும். அதாவது, தேவைக்கு மேற்பட்ட சமிக்ஞை ஏற்கனவே கையில் இருக்கிறது. இன்றைய கணினிகளுடனும் கைத்தொலைபேசிகளுடனும் இணைக்கும், இலக்கத் தரவை ஒலியாக்கும் சிறு பெட்டிகளிலும் பல இதே 2 வோல்ற்றைத் தருகின்றன. எனவே, இன்றைய பிரிஅம்ப் பெரும்பாலான நேரங்களில் எதையும் பெருக்குவதில்லை, குறைத்துக் கொடுக்கிறது. தண்ணீர்க் குழாயின் திருகு செய்யும் வேலை அது. ஒரு திருகுக்கு மூன்றரை இலட்சமா என்பதே எனது முதலாவது கேள்வி.

முதலில் வீட்டைப் பாருங்கள், பிறகு கடையைப் பாருங்கள்

எந்தப் பிரிஅம்ப் நல்லது என்று கேட்பதற்கு முன்னர், எனக்குப் பிரிஅம்ப் வேண்டுமா என்று கேட்க வேண்டும். இதற்கான விடை கடையில் இல்லை. உங்கள் வீட்டு மேசையில் இருக்கிறது.

உங்களிடம் இருப்பது ஒரேயொரு கருவி, அதிலேயே ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் உண்டு என்றால், அதை நேரடியாகப் பவர் அம்ப்புடன் இணைத்துவிடலாம். ஒலியை ஆகக் குறைந்த நிலையில் வைத்துத் தொடங்க வேண்டும். தவறுதலாக முழு ஒலியில் தொடங்கினால் ஒலிபெருக்கி பழுதாகிவிடும் என்பதை மறந்துவிடக் கூடாது.

இரண்டு மூன்று கருவிகள் உண்டு, அவை அனைத்தும் இறுவட்டுக் கருவியைப் போலப் போதிய சமிக்ஞை தருபவை என்றால், மின்சாரமே தேவைப்படாத பெட்டியொன்று போதும். உள்ளே ஒரு தெரிவு ஆளியும் ஒரு வொலியூம் திருகும் மாத்திரமே இருக்கும். அமெரிக்காவின் ஷீட் நிறுவனம் 'சிஸ்' என்ற பெயரில் இத்தகைய பெட்டியொன்றைச் செய்கிறது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் உதிரிப் பாகங்கள் வாங்கி, ஈயப்பற்று வைக்கத் தெரிந்த எவரும் ஒரு விடுமுறை நாளில் செய்துவிடக்கூடிய பொருள் இது. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பவர் அம்ப்புக்குச் செல்லும் வயர் குட்டையாக, ஒன்று அல்லது ஒன்றரை மீற்றருக்குள் இருக்க வேண்டும். நீண்டு போனால் உயர்ந்த சுருதிகள் மங்கத் தொடங்கும்.

இசைத்தட்டுச் சுழற்றி இருந்தால் மாத்திரமே கதை வேறு. முன்னர் குறிப்பிட்ட ஆயிரத்தில் ஐந்து வோல்ற்றை ஏறத்தாழ நூறு மடங்கு பெருக்க வேண்டும். அத்துடன், இசைத்தட்டைப் பதியும்போது தாழ்ந்த சுருதிகளைக் குறைத்தும் உயர்ந்த சுருதிகளைக் கூட்டியும் பதிகிறார்கள். அவ்வாறு செய்யாவிட்டால் தாழ்ந்த சுருதிகளுக்கான தடம் அகன்று, தட்டில் இடம் போதாமற் போய்விடும். 1954 முதல் ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற பொது ஒழுங்கு இதற்கென உண்டு. கேட்கும்போது அதனைத் தலைகீழாகத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். இந்த இரண்டு வேலைகளையும் செய்வதுதான் 'ஃபோனோ' என்று குறிக்கப்படும் பகுதி. இது இல்லாமல் இசைத்தட்டை இணைத்தால், நாகசுரம் தகரப் பீப்பி போலக் கேட்கும். தவில் கேட்கவே கேட்காது.

புதிதாக வரும் மலிவான சுழற்றிகள் பலவற்றில் ஃபோனோ பகுதி உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கிறது. பின்புறத்தில் சிறிய ஆளியொன்று இருக்கும். இது தெரியாமல் தனியாக இன்னொன்று வாங்கியவர்களை நான் அறிவேன். இல்லாதவர்களுக்கு பிரொ-ஜெக்ட் நிறுவனத்தின் ஃபோனோ பொக்ஸ், ரேகாவின் ஃபோனோ மினி, ஆர்ட் நிறுவனத்தின் டி.ஜே. பிரி போன்ற சிறிய பெட்டிகள் உண்டு. அளவில் ஒரு புத்தகத்தைவிடச் சிறியவை. சாதாரண காந்தக் காட்ரிட்ஜுக்கு இவை தாராளமாகப் போதும்.

விலை எங்கே போகிறது?

'மலிவான கருவியில் மலிவான பாகங்கள்தானே இருக்கும்?' என்று மாஸ்ரர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால், இத்துறையில் விலைக்கும் தரத்துக்கும் உள்ள உறவு நாம் எண்ணுவது போன்றதல்ல. என்.ஈ.5532 என்று ஒரு சில்லு உண்டு. 1970களின் பிற்பகுதியில் வந்தது. இன்றும் உற்பத்தியாகிறது. ஒரு தேநீர்ச் செலவுடன் ஒப்பிடத்தக்க விலைதான். 1980கள் தொடக்கம் உலகின் ஒலிப்பதிவுக் கூடங்களின் கலவை மேசைகளில் இந்தச் சில்லும் இதன் உடன்பிறப்புகளும் வரிசை வரிசையாக இருந்தன. அக்காலத்துப் பாடல்கள் பல, எமது காதுக்கு வருவதற்கு முன்னரே இத்தகைய சில்லுகள் பலவற்றைக் கடந்து வந்தவை. வீட்டில் இன்னுமொன்றைக் கடப்பதால் அவற்றின் கற்பு கெட்டுவிடும் என்று வாதிடுவது வேடிக்கையானது.

பிறகு விலை எங்கே போகிறது? தடித்த அலுமினிய முகப்பு, கனமான திருகு, விளம்பரம், இறக்குமதியாளரின் இலாபம், தீர்வை ஆகியவற்றுக்குப் பெரும்பகுதி போகிறது. எமது நாட்டில் நாணய மாற்றும் சேர்ந்துகொள்கிறது. 2022 மார்ச் மாத ஆரம்பத்தில் 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியதை நாம் மறக்கவில்லை. அதன்பின் 300 ரூபாவை அண்டி இறங்கினாலும் பழைய விலைகள் திரும்பவில்லை. வெளிநாட்டுச் சஞ்சிகை 'மலிவானது' என்று எழுதும் கருவி கொழும்பில் ஓர் ஆசிரியரின் மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும்.

சஞ்சிகை என்றதும் ஒரு சொல். கருவிகளைப் பற்றிய விமர்சனங்களை நானும் விரும்பி வாசிப்பவன். ஆனால், விமர்சனம் அச்சாகும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் எவருடைய விளம்பரம் வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்ப்பது எமது தொழிலில் ஊறிய பழக்கம். விளம்பரப் பகுதியிலிருந்து ஆசிரியபீடத்துக்கு வரும் தொலைபேசி அழைப்பின் தொனி எவ்வாறு இருக்கும் என்பது எனக்குத் தெரியும். விமர்சகர்கள் எல்லோரும் விலைபோனவர்கள் என்று நான் சொல்லவில்லை. 'இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை' என்று எழுதும் விமர்சகருக்கு அடுத்த மாதம் எழுத எதுவும் இருக்காது என்பதையே சொல்கிறேன்.

கடையில் நடக்கும் ஒப்பீட்டிலும் ஒரு பொறி உண்டு. இரண்டு கருவிகளில் ஒன்று மிகச் சிறிதளவு கூடுதலான சத்தத்துடன் ஒலித்தால், காது அதைச் சத்தம் என்று உணர்வதில்லை. தெளிவு என்றே உணரும். ஆகவே, இரண்டினதும் ஒலி அளவைச் சமப்படுத்தாமல் செய்யும் ஒப்பீடு எதற்கும் மதிப்பில்லை. எந்தக் கருவி ஒலிக்கிறது என்று பாராமல் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். அறுபதைக் கடந்த எமது காதுகளுக்கு மிக உயர்ந்த சுருதிகள் ஏற்கனவே விடைகொடுத்துவிட்டன என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்வோம்.

மலிவில் பார்க்க வேண்டியவை

எதை வாங்கினாலும் சரி என்பது எனது கருத்தல்ல. மலிவான கருவிகளில் உண்மையான குறைகள் சில உண்டு. முதலாவது வொலியூம் திருகு. இரவில் மெல்லிய ஒலியில் கேட்கும்போது ஒரு பக்கம் உரத்தும் மறுபக்கம் தளர்ந்தும் ஒலித்தால், திருகுக்குள் இருக்கும் இரண்டு தடைகளும் பொருந்தவில்லை என்று அர்த்தம். கடையில் முழுச் சத்தத்தில் கேட்டு மயங்காமல், ஆகக் குறைந்த சத்தத்தில் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது இரைச்சல். பாட்டு எதுவும் போடாமல் திருகைக் கூட்டி, ஒலிபெருக்கிக்கு அருகே காதை வையுங்கள். 'ம்ம்' என்ற தொடர் உறுமல் கேட்டால் கவனம் தேவை. எமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஃபோனோ பகுதி தாழ்ந்த சுருதிகளைப் பல மடங்கு கூட்டுவதனால் இந்த உறுமலையும் சேர்த்தே பெருக்கிவிடும். பல சந்தர்ப்பங்களில் குற்றம் கருவியினுடையதல்ல. எனது வீட்டில் இவ்வாறு உறுமியபோது, கடைக்காரர் ஒருவர் முப்பதாயிரம் ரூபாவுக்கு விசேட வயர் வாங்கச் சொன்னார். இரண்டு நாட்களின் பின்னர் பார்த்தால், சுழற்றியிலிருந்து வரும் மெல்லிய புவித்தொடுப்பு வயர் ஆணியிலிருந்து கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதை முறுக்கியதும் உறுமல் நின்றது. செலவு ஒன்றுமில்லை.

மூன்றாவது மின்னழுத்தம். ஜப்பானிலிருந்து வரும் பாவித்த கருவிகள் 100 வோல்ற்றுக்கு உரியவை. அமெரிக்காவிலிருந்து வருபவை 120 வோல்ற். எமது 230 வோல்ற்றில் அப்படியே செருகினால் புகைதான் வரும். பின்புறத் தகட்டை வாசிக்காமல் எதையும் வாங்காதீர்கள்.

இழந்ததும் வாங்குவதும்

இவ்வளவும் தெரிந்த பின்னரும் எம்மைப் போன்றவர்கள் ஏன் விலையுயர்ந்த கருவியின் முன்னால் தடுமாறுகிறோம்? இதற்கு எனது பதில் தொழில்நுட்பம் சார்ந்தது அல்ல.

தெஹிவளையில் நாங்கள் குடியிருந்த வீட்டில் எனது தந்தையாரின் றேடியோகிராம் ஒன்று இருந்தது. 1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் அதற்கு ஓர் ஊசி வாங்குவதற்கே ஆள்பிடிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றாகச் சேர்த்த இசைத்தட்டுகள் நூற்றுக்கு மேல். 1983 யூலையில் வீட்டோடு அவையும் எரிந்தன. அதன்பின் நீண்ட காலம், கையில் தூக்கிக்கொண்டு ஓட முடியாத எந்தப் பொருளையும் நான் வாங்கவில்லை. சிறிய வானொலிப் பெட்டி ஒன்றே போதுமாக இருந்தது. மாஸ்ரருடைய இசைத்தட்டுகள் பிழைத்த கதையும் நேரானதல்ல. இடம்பெயர்வுகளின்போது உறவினர் வீடுகளில் மாறி மாறிக் கிடந்து, பாதி தொலைந்து, நாற்பத்திரண்டு தட்டுகள் மிஞ்சியிருக்கின்றன.

இத்தகையவர்கள் முதுமையில் ஒரு கருவியை வாங்கப் போகும்போது, கடைக்காரரிடம் கேட்பது பிரிஅம்ப் மாத்திரமல்ல. போனதைத் திருப்பித் தா என்றும் கேட்கிறோம். அந்த ஏக்கத்துக்கு விலை சொல்வது மிக இலகு. மூன்றரை இலட்சம் சொன்னாலும் குறைவாகவே தோன்றும். அந்த நேரத்தில் அருகில் நின்று 'பொறுங்கோ' என்று சொல்ல ஒருவர் வேண்டும். இந்தக் கட்டுரையின் நோக்கம் அவ்வளவே.

மாஸ்ரர் என்ன செய்தார்?

ஞாயிற்றுக்கிழமை சென்று பார்த்தேன். அவருக்குத் தேவையானவை மூன்று: இரண்டு கருவிகளில் ஒன்றைத் தெரியும் வசதி, ஒலித் திருகு, இசைத்தட்டுக்கான ஃபோனோ பகுதி. இவை மூன்றும் 1970களிலும் 1980களிலும் வந்த, பிரிஅம்ப்பும் பவர் அம்ப்பும் ஒன்றாக இணைந்த கருவிகள் எவற்றிலும் இருக்கும். அவற்றுட் சிலவற்றின் பின்புறத்தில் இரண்டு பகுதிகளையும் இணைக்கும் 'ப' வடிவக் கம்பிகள் இருக்கும். 1978இல் வெளிவந்து உலகப் புகழ்பெற்ற நாட் 3020 இதற்கு நல்ல உதாரணம். கம்பியைக் கழற்றிவிட்டால் முன்பகுதி தனியான பிரிஅம்ப் ஆகிவிடும்.

புறக்கோட்டையில் திருத்துநர் ஒருவரிடம், இத்தகைய வசதியுடைய ஜப்பானியக் கருவியொன்று தூசு படிந்து கிடந்தது. வலுப் பகுதியின் ஒரு பக்கம் எரிந்துபோனதால் யாரும் வாங்கவில்லை. எமக்கு வேண்டியதோ முன்பகுதி மாத்திரமே. வெளிநாட்டுச் சந்தைக்கென்று செய்யப்பட்டதாகையால் பின்புறத்தில் 230 வோல்ற்றுக்கு மாற்றும் ஆளியும் இருந்தது. பதினைந்தாயிரம் ரூபா கேட்டார். எரிந்த பகுதிக்குச் செல்லும் மின் இணைப்பைத் துண்டித்து, காய்ந்துபோன கொள்ளளவிகளை மாற்றி, திருகுகளைக் கழுவித் தருவதற்கு மேலும் ஏழாயிரம். மொத்தம் இருபத்திரண்டாயிரம்.

மிச்சப்பட்ட பணத்தில் ஒரு சிறு பங்கைப் புதிய ஊசிக்குச் செலவிடுமாறு வற்புறுத்தினேன். ஓர் ஊசியின் ஆயுள் ஐந்நூறு முதல் ஆயிரம் மணித்தியாலங்கள் என்பார்கள். தேய்ந்த ஊசி பாட்டைக் கெடுப்பதுடன் தட்டையும் அரித்துவிடும். எந்தப் பிரிஅம்ப்பும் அதன் பின்னர் அதை மீட்டுத் தராது. மிஞ்சிய நாற்பத்திரண்டு தட்டுகளைக் காப்பாற்றுவது அந்த ஊசிதானே தவிர, அலுமினிய முகப்பு அல்ல.

பவர் அம்ப்பை எப்போதும் கடைசியாகப் போட்டு, முதலாவதாக நிறுத்துமாறும் சொல்லிக் கொடுத்தேன். இல்லாவிட்டால் 'டப்' என்ற அதிர்ச்சி ஒலிபெருக்கியைத் தாக்கும். மாஸ்ரர் அதை ஒரு தாளில் எழுதி, கருவிக்கு மேலே ஒட்டி வைத்தார். அதிபர் அல்லவா!

முதலில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுர இசைத்தட்டு ஒன்றைப் போட்டார். தட்டில் கீறல்கள் இருந்தன; அவை எல்லாம் கேட்டன. தவிலும் கேட்டது. பக்கம் முடியும்வரை இருவரும் பேசவில்லை. முடிந்ததும் மாஸ்ரர் எழுந்து தட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு, "மூன்றரை இலட்சத்துக்கு இதைவிட என்ன கேட்டிருக்கும் தம்பி?" என்றார்.

"அந்தக் கடைக்காரரின்ரை சிரிப்புக் கேட்டிருக்கும் மாஸ்ரர்" என்றேன்.